ஆடும் பல்லை எல்லாம் பிடுங்க வேண்டியதில்லை

ஈறு நோய் வந்த பற்களை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைப்பதே நிரந்தரத் தீர்வு என்று உங்கள் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹிர்ஷ்ஃபெல்டு, வாசர்மன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர்கள், ஈறு சிகிச்சை பெற்ற 600 பேரைச் சராசரியாக 22 ஆண்டுகள் கவனித்து 1978-ல் எழுதினார்கள். அவர்களில் 499 பேர் இழந்தது அதிகபட்சம் 3 பற்கள்தான்.

ஆனால் ஒருமுறை ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்ததோடு வேலை முடியாது. என் அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. 3 மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கூட்டிப்போகிறேன். ராத்திரி பல் இடுக்கில் விடும் குட்டி பிரஷ்ஷை அவரே மறக்காமல் போடுகிறார். எடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு மருத்துவர் சொன்ன அதே கடைவாய்ப் பல்லால் 9 வருடமாகச் சப்பாத்தி மென்று சாப்பிடுகிறார்.

அப்புறம், சரியாகப் பராமரிக்காவிட்டால் இம்ப்ளான்டைச் சுற்றியும் ஈறு வீங்கும், எலும்பு கரையும். அதைக் கட்டுரையில் அவசியம் சேருங்கள்.