செக்கர்ஸில் வெட்டுவது நம் விருப்பமா?

"செக்கர்ஸில் வெட்டலாம், வெட்டாமலும் விடலாம், விட்டால் வெட்டியிருக்க வேண்டிய நம் காயை எதிராளி தூக்கிவிடுவார். உலகமெங்கும் இதே விதி" என்று, எதிராளியின் காயைத் தாண்டி வெட்டும் இந்தப் பலகை ஆட்டத்தைப் பற்றி ஒரு பகிர்வு சுற்றுகிறது. தவறு.

காயைத் தூக்கும் தண்டனை ஆங்கில வகை ஆட்டத்தின் பழைய வழக்கம், போட்டிகளில் கைவிடப்பட்டுவிட்டது. இப்போது வெட்டு இருக்கும்போது வேறு காயை நகர்த்தினால் செல்லாது. திருப்பி வைத்து வெட்டியே ஆக வேண்டும்.

'ஒரே விதி' என்பது இன்னும் பெரிய பிழை. ஆங்கில ஆட்டத்தில் (8×8, ஆளுக்கு 12 காய்) சாதாரணக் காய் முன்னோக்கி மட்டுமே வெட்டும். பல வெட்டுகள் இருந்தால் பிடித்ததை எடுக்கலாம். ரஷ்ய ஆட்டத்தில் பின்னோக்கியும் வெட்டும். சர்வதேச ஆட்டத்திலோ (10×10, 20 காய்) அதிகக் காய் கிடைக்கும் வழியைத்தான் எடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: ஒரே முறையில் பல காய்களைத் தொடர்ந்து வெட்டும்போது, வெட்டிய காய்களை அந்தத் தொடர் முடிந்த பிறகே அகற்ற வேண்டும். அதுவரை அவை தடையாக நிற்கும், ஒரே காயை இருமுறை தாண்ட முடியாது. உடனுக்குடன் அகற்றினால் இல்லாத வெட்டுக்கு வழி திறந்துவிடும். துருக்கி ஆட்டத்தில் நேர்மாறு; தாண்டியதும் எடுத்துவிட வேண்டும்.

வெட்டும் வழியில் கடைசி வரிசையைத் தொட்டால்? ஆங்கில ஆட்டத்தில் ராஜாவாகி (பின்னோக்கியும் நகரும் காய்), முறை அங்கேயே முடியும். ரஷ்ய ஆட்டத்தில் ராஜாவாகவே வெட்டைத் தொடரும். சர்வதேச ஆட்டத்தில் அந்த வரிசையில் தொடர் முடிந்தால்தான் ராஜா. தாண்டி வெளியேறினால் வெறும் காய்தான்.