மூலையில் பெயர் இருந்தது

அந்த வயிற்று எக்ஸ்ரே நேற்று மட்டும் எனக்கு நான்கு குரூப்பில் வந்துவிட்டது, சிரிப்பு பொம்மைகளோடு. உங்களுக்கும் வந்திருக்கும். அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

மேல் மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர், வயது, ஓபி நம்பர் எல்லாம் அப்படியே இருக்கிறது. மானிட்டரை செல்போனில் பிடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் எக்ஸ்ரே எடுக்கும் நம் துறை ஆள்தான். அதுதான் தாங்க முடியவில்லை. படம் அந்த மனிதருடையது. எடுத்தது நாம் என்பதால் நமக்குச் சொந்தமாகிவிடாது.

கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, 19 வருடமாக புதுச்சேரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். ஒருநாள் தேவனாம்பட்டினத்து அம்மா ஒருவர் நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு வந்தார். தாலிச் சங்கிலி படத்தில் விழும், கழற்றுங்கம்மா என்றேன். நிறைய பேர் சங்கிலியைத் தூக்கிப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். இவர் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டார். "கீழ வெச்சிடாதம்மா." ஒரு கையில் தாலியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பட்டனை அமுக்கினேன். மூச்சை இழுத்துப் பிடிங்க என்றால் பிடிக்கிறார்கள், ஏன் என்று கேட்பதில்லை. அவ்வளவு நம்பி நிற்கிறார்கள்.

முகம் தெரியவில்லையே என்கிறார்கள் படத்தைப் பகிர்ந்தவர்கள். பெயரும் வயதும் போதாதா நம் ஊரில்?

மாணவர்களுக்குப் பாடம் என்கிறார்கள். சரி, அவரிடம் அனுமதி வாங்கி, பெயரை எடுத்துவிட்டு வகுப்பில் காட்டுங்கள். ஆள் அடையாளம் தெரியும்படி, நோயாளியின் அனுமதி இல்லாமல் படத்தை வெளியிடக்கூடாது என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. அது டாக்டருக்குத்தானே என்று ஒருவர் கேட்டார். 2021இல் எக்ஸ்ரே டெக்னீஷியன்களான நம்மையும் சுகாதாரப் பணியாளர்களில் சேர்த்துச் சட்டம் வந்தபோது, இனி நாமும் மதிக்கப்படுவோம் என்று ஸ்டேட்டஸ் வைத்தோமே. மரியாதை வேண்டும், பொறுப்பு வேண்டாமா?

எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜனே தன் மனைவியின் கையை எக்ஸ்ரே எடுத்து 1896இல் எல்லோருக்கும் அனுப்பினாராம், இன்னொருவர் வாதம். அவர் சக விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். மனைவியைப் பார்த்து யாரும் சிரிப்பதற்காக அனுப்பவில்லை.

வெளியே சொல்லக் கூசும் இந்த மாதிரி கஷ்டத்தோடு வருகிறவர்கள் ஏற்கெனவே வெட்கத்தில் நாள் கடத்திவிட்டுத்தான் வருகிறார்கள். இந்தப் படத்தைப் பார்த்த அடுத்த ஆள், குடலில் ஓட்டை விழுந்த பிறகுதான் வருவார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கே மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்க வேண்டி வந்தது. வேறு ஊர், வேறு சென்டர். மெஷின் தட்டு அழுத்திய வலியோடு சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள். என்னைப் பற்றி இல்லாமலும் இருக்கலாம். ரிப்போர்ட் வாங்கி வெளியே வரும்வரை நான் தலை நிமிரவில்லை.

படம் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். முதலில் போட்ட தம்பி, நீ யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு நேரில் வந்து பேசுகிறேன். உன் பெயரை இங்கே எழுத மாட்டேன்.