பத்தொன்பது வயது அம்மாவும் ஆயாக்கொட்டகையும்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு பெண்பிள்ளை பத்தொன்பது வயதில் வயிறும் பிள்ளையுமாக அரசாங்க கிளினிக் வாசலில் நின்றால் போதும், ஒட்டுக்கடையில் இருக்கும் அத்தனை பேரும் சமூக ஆய்வாளர்களாகிவிடுகிறார்கள். "நம்ம சமுதாயம் உருப்படாததுக்கு இதுதான் காரணம்" என்று தீர்ப்பு வரும். தீர்ப்புச் சொல்லும் பெரியவர்களில் பலரின் அம்மாக்கள் அதே வயதில் பிள்ளையை ஏணையில் போட்டு ஆட்டியவர்கள்தான். அது மட்டும் ஞாபகத்துக்கு வராது.

சீக்கிரம் பிள்ளை பெறுவதால்தான் வறுமை வருகிறதா? அமெரிக்காவில் இதை விடாமல் தோண்டியிருக்கிறார்கள். ஃபிராங்க் ஃபர்ஸ்டன்பெர்க் என்ற சமூகவியலாளர் 1960களில் பால்டிமோர் நகரத்தின் பதின்ம வயதுத் தாய்மாரைக் கவனிக்க ஆரம்பித்து, பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்தார். பலர் பின்னாளில் படிப்பை முடித்து, வேலையிலும் நின்றுவிட்டார்கள். 1992இல் ஜெரோனிமஸ், கோரன்மன் என்ற இருவர் இன்னும் கெட்டிக்காரத்தனமாக, கூடப்பிறந்த அக்கா தங்கைகளையே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே வீடு, ஒரே கஷ்டம். ஒருத்தி பதின்ம வயதில் தாயானவள், மற்றவள் பிறகு. அப்படிப் பார்த்தால் இருவருக்கும் உள்ள இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. முழுக்க மறையவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பல வீடுகளில் பிள்ளைக்கு முன்னாலேயே வறுமை வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, அது அமெரிக்கக் கதை. நம் அம்மாக்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

ரப்பர் தோட்டங்களில் ஆயாக்கொட்டகை இருந்தது, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஓர் ஆயா பார்த்துக்கொள்ளும் கொட்டகை. விடியக்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு முன்னால் பிள்ளையைத் துணியில் சுற்றி, பால் போத்தலோடு கொடுத்துவிட்டு ரப்பர் மரம் சீவப் போவார்கள். உத்தரத்தில் வரிசையாக ஏணைகள் தொங்கும். காலால் ஒன்று, கையால் ஒன்று என்று ஆட்டிக்கொண்டே, வாசல் பக்கம் தவழ்ந்து போகிற பயலை ஆயா அதட்டுவார். பாசக்காரர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், எங்கள் ஆயா நன்றாகக் கிள்ளுவார். தோட்டத்து வாழ்க்கையும் சொர்க்கமில்லை. எத்தனையோ அக்காக்களின் படிப்பு தம்பியின் ஏணைக்கயிற்றோடு முடிந்துபோனது.

அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின. நாம் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிக்கும் வந்தோம். ஆயா வரவில்லை.

இன்று அந்தப் பத்தொன்பது வயதுக்காரி நாலாவது மாடியில் தனியாக இருக்கிறாள். புருஷன் ஈப்போவில் நைட் ஷிப்ட். பாட்டி இல்லையா என்று கேட்பீர்கள். பாட்டிக்கே நாற்பத்திரண்டு வயதுதான், அவரும் வேலைக்குப் போகிறார்! சித்தி, அத்தை என்று ஓடிவரவும் ஆளில்லை. மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1970இல் 4.9 பிள்ளைகள், 2022இல் 1.6தான். 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுப்பு 98 நாள், அப்பாவுக்கு 7 நாள். நல்லதுதான். அது முடிந்த மறுநாள் பிள்ளையை யார் பார்ப்பது?

பதினெட்டுக்குக் கீழே என்றால் அது வேறு விஷயம், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1982இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், மாநில முதல்வரான மந்திரி பெசார் அனுமதித்தால் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் கல்யாணம் செய்யலாம் என்கிறது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும்.

நம் ஊர்க் கோயில் மண்டபங்கள் கல்யாணம் இல்லாத நாளில் பூட்டித்தான் கிடக்கின்றன. அங்கே ஒரு ஆயாக்கொட்டகை நடத்தலாமே. குழந்தைக் காப்பகம் நடத்த 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். லேசான வேலையில்லை. ஆனால் கோபுரத்துக்கு வீடுவீடாக வசூல் பண்ணத் தெரிந்தவர்களுக்கு நாலு ஃபாரம் நிரப்பத் தெரியாதா? கோயிலின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்கப் போகிறேன். கூட வருபவர்கள் கீழே சொல்லுங்கள்.