மூன்று வீரர்கள் சிலை சுவரைக் கெடுக்கவில்லை

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவிடத்தில் 1984இல் வைத்த மூன்று வீரர்கள் சிலை, அங்கே மாயா லின் வடிவமைத்த கருங்கல் நினைவுச் சுவரைக் கெடுத்துவிட்டது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. சுவரில் இருப்பவை அந்தப் போரில் இறந்த, காணாமல்போன அமெரிக்க வீரர்களின் பெயர்கள், 58,000க்கும் மேல். உயிரோடு திரும்பியவர்கள் தங்களுக்கும் ஓர் உருவம் கேட்டது தவறா? ஃபிரெடரிக் ஹார்ட்டின் வெண்கலச் சிலையில் ஒரு வெள்ளையர், ஒரு கறுப்பர், ஒரு லத்தீன் அமெரிக்கர். மூவருமே களைத்துப்போன சின்னப் பையன்கள். முகத்தில் வெற்றிப் பெருமிதம் துளியும் கிடையாது. போரை இது எங்கே புகழ்கிறது?

ஆனால் சிலை வந்த விதம் அநியாயம். நினைவிடத்தை வடிவமைக்கப் பெயர் மறைத்து நடந்த போட்டியில் 1,400க்கும் மேற்பட்ட வடிவமைப்புகளைத் தாண்டி 21 வயது மாணவியான மாயா லின் ஜெயித்தார். பிறகு அந்தச் சுவரை எதிர்த்தவர்கள் அவருடைய சீன வம்சாவளியைக்கூட இழுத்து வசைபாடினார்கள். நினைவிடக் குழு சிலை வைக்கச் சம்மதித்த பிறகுதான் அன்றைய அமெரிக்க உள்துறைச் செயலர் ஜேம்ஸ் வாட் சுவருக்குக் கட்டுமான அனுமதியே தந்தார். நல்லவேளை, சுவரின் நடுவில் வைக்காமல் தள்ளி வைத்தார்கள்.

அந்தக் கட்டுரை பெண்களைப் பற்றிச் சொல்லவே இல்லை. வியட்நாமில் ஆயிரக்கணக்கான செவிலியர் பணியாற்றினார்கள். அவர்களுக்கு அங்கே சிலை வர 1993 ஆனது. என்னைக் கேட்டால், அந்தத் தாமதம்தான் பெரிய சர்ச்சையாகியிருக்க வேண்டும்.