மணியின் மூக்கிலிருந்த அட்டை

இலங்கை மலையகத்தில் நாய் வளர்ப்பவர்கள் உண்ணியைக் கவனிக்க வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரிதான். மூக்குக்குள் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டையையும் சேர்த்திருக்கலாம். போன ஒக்டோபர் மழையில் எங்கள் நாய் மணி பத்து நாளாகத் தும்மிக்கொண்டே இருந்தான், ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மிளகாய்ப் புகை போடச் சொன்னவரும் உண்டு (நல்லவேளை, அம்மா விடவில்லை). அப்புறம் ஹட்டன் பக்கம் ஒரு சின்ன மிருக வைத்தியக் கிளினிக்குக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம்.

டொக்டர் மிஸ் சிங்களவர். கொஞ்சம் கொஞ்சம் தமிழ் பேசுவார். முதலில் கேட்டதே, "ஓடையில தண்ணி குடிக்கிறதா?" என்றுதான். தண்ணீர் குடிக்கும்போது குட்டி அட்டை மூக்குக்குள் ஏறி, அங்கேயே இரத்தம் குடித்து வளருமாம். பயந்துபோயிருந்த மணியை மேசையில் ஏற்றாமல், தானும் தரையில் உட்கார்ந்து, தண்ணீர்க் கிண்ணத்தை அவன் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தும் அவசரப்படவில்லை. கால் மணி நேரம் கழித்துக் கறுப்பாக ஒரு நுனி தண்ணீரைத் தேடி எட்டிப் பார்த்தது. இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தார். என் சுண்டுவிரல் நீளம்!

மறுநாள் அவரே போன் எடுத்து, "மணி சாப்பிட்டதா?" என்று கேட்டார். இப்போது அவனுக்கு வீட்டுத் தண்ணீர்தான். ஆனாலும் ஓடையைக் கண்டால் கயிற்றை இழுக்கிறான்.