கன்று நடுவதற்கு முன் ஷட்டரைப் பற்றிப் பேசுங்கள்

ஜூலை 26, உலக அலையாத்தி (மாங்குரோவ்) நாள் வந்தால் போதும், சேற்றில் கன்று நடும் படங்கள் வரிசை கட்டிவிடும். நடுவதில் தப்பே இல்லை. ஆனால் ஜூலையில் திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றில் உப்பு ஏறிக் கிடக்கும். டெல்டாவுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அலையாத்திக்குப் பாதி கடல், பாதி ஆறு வேண்டும். அந்த ஆற்றுப் பாதியை யாருமே பேசமாட்டேன் என்கிறார்களே!

பாமணியும் கோரையாறும் வயல்களைச் சுற்றிவிட்டு, மிச்சத்தைத்தான் கடலோரக் காயலான லகூனுக்குக் கொண்டுவருகின்றன. உப்புநீர் ஏறி நெல்லைக் கெடுக்காமலிருக்கக் கடைமடையில் ஆற்றை மறிக்கும் ரெகுலேட்டரில் ஷட்டரை (கதவை) இறக்கி வைக்கிறார்கள். விவசாயிக்கு அது நியாயம். ஷட்டருக்குக் கீழே இருக்கும் காடோ மாசக்கணக்கில் நல்ல தண்ணீரே காணாது. அங்கே நிற்கும் வெண்கண்டல் மரத்தின் இலையைத் தடவிப் பாருங்கள், வெயில் நேரத்தில் உப்பு பொருபொருவென்று விரலில் ஒட்டும். மரம் உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு.

முன்பு மொத்தமாக வெட்டப்பட்ட இடங்களில் நிலைமை இன்னும் மோசம். நிழல் போனதும் மண் காய்ந்து அமுங்கித் தட்டுபோல் குழிகிறது. பெரிய அலையேற்றத்தில் உள்ளே வரும் கடல்நீர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே காய்ந்து வெள்ளை பூக்கிறது. அதில் எத்தனை ஆயிரம் கன்று வைத்தாலும் சித்திரை தாண்டாது.

இதற்கு வழி 1990களிலேயே தெரிந்துவிட்டது. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நடு வாய்க்கால் மேலே ஏறக்குறைய 3 மீட்டர், அடியில் 1 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். தண்ணீர் தினமும் ஏறி இறங்கினால் உப்பு கழுவிப்போகும். கன்றை வாய்க்கால் அடியிலும் வைக்கக் கூடாது, கரை உச்சியிலும் கூடாது. ஏற்றத்தில் நனைந்து இறக்கத்தில் காற்றுபடும் நடுச்சரிவுதான் அதற்கான இடம். சேற்றுக்கு மேலே நீட்டிக் காற்று வாங்கும் மூச்சு வேர் தொடர்ந்து மூழ்கிக் கிடந்தால் மரம் திணறிச் செத்துவிடும்.

எங்கே தவறுகிறது? வாய்க்கால் அடிமட்டம் ஓடையைவிட மேலே நின்றுவிடும், வந்த தண்ணீர் முழுசாக வடியாது. வெட்டிய மண்ணைத் தொடர்ச்சியாகக் கரையில் குவிப்பார்கள், அதுவே அணையாகிவிடும். இரண்டு மூன்று வருஷத்தில் தூர் சேரும். அதற்குள் திட்டம் முடிந்து பணமும் நின்றிருக்கும். ஆடுமாடு மேய்வது தனிக்கதை.

மரம் வனத்துறையிடம், ஷட்டர் நீர்வளத்துறையிடம், புறம்போக்கு வருவாய்த்துறையிடம், இறால் குட்டைக் கழிவுநீர் மீன்வளத்துறை பார்வையில். 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப் போட்ட காடு தேறுவதற்கும் இந்த நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கூடவே கடைமடை விவசாயியும், முகத்துவாரம் எங்கே மணல் மூடுகிறது என்று தினமும் பார்க்கிற மீனவரும். எந்த ரெகுலேட்டரில், எந்த மாதம், எத்தனை நாள் காட்டுக்குத் தண்ணீர் என்று எழுத்தில் இருக்கட்டும். வயலுக்குப் போதுமான தண்ணீர் இருக்கும் நாளில் கொஞ்சம் விடுவதில் நெல்லுக்கு நஷ்டமில்லை.

நட்ட கன்றின் எண்ணிக்கையை விடுங்கள். மூன்றாம் வருஷம் உயிரோடு இருப்பது எத்தனை, வைகாசியில் அந்த மண்ணில் உப்பு எவ்வளவு, இந்த இரண்டையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். அலையாத்திக் காட்டில் கார்பன் பெரும்பகுதி மரத்தில் இல்லை, அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. சேறு காய்ந்தால் அது திரும்பக் காற்றுக்குத்தான் போகும். இந்த வருஷ வாய்க்கால் தூரை புரட்டாசிக்குள் எடுத்தாக வேண்டும்.