வரப்போகும் காமிக்ஸ்: அட்டையை நம்பிச் சிபாரிசு பண்ணாதீங்க

சித்திரக்கதை வாசிக்கிற நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்கள்கிட்ட ஒரு வழக்கம் இருக்கு. பெரிய நிறுவனம் பின்னாடி இல்லாத ஏதாவது ஒரு சுயாதீன காமிக்ஸோ, நாவல் மாதிரி முழுக்கதையையும் படத்துல சொல்ற கிராஃபிக் நாவலோ வரப்போகுதுன்னு அறிவிப்பு வந்த அன்னைக்கே அட்டையைப் பகிர்ந்து, "தரமான சம்பவம், எல்லாரும் முன்பதிவு பண்ணுங்க மக்கா"ன்னு எழுதிடுறாங்க. உள்ளே எத்தனை பக்கம், யார் வரைஞ்சது, வேலை எந்த அளவுக்கு முடிஞ்சிருக்குன்னு ஒரு வரி இருக்காது. பொறவு புத்தகம் ஒரு வருஷம் தாமதமாகும், இல்லன்னா வந்ததும் கையில எடுத்துப் பார்த்துட்டு "கொள்ளாம், ஆனா..."ன்னு இழுப்பாங்க. என் கட்சி இதுதான்: தொடர்ச்சியா அஞ்சாறு உள்பக்கம் பார்க்காம வரப்போற எந்தப் புத்தகத்தையும் அடுத்தவருக்குச் சொல்லக்கூடாது.

சின்னப் பதிப்பாளருக்கு முன்பதிவு எண்ணிக்கைதான் அச்சு எண்ணிக்கை. ஆஃப்செட் அச்சுல பிளேட் செலவும் மெஷினை ஓட்டத்துக்குக் கொண்டுவர்ற செலவும் 300 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒண்ணுதான். அதனால 300 அடிச்சா பிரதி விலை எகிறும், 1000 அடிச்சு விக்கலைன்னா வீட்டு அறை கிட்டங்கியாகும். ரெண்டுக்கும் நடுவுல அவங்க நிக்கிற நேரத்துல நம்ம சிபாரிசு போய்ச் சேருது. அது பொய்யாப் போனா அடுத்த தடவை நல்ல புத்தகத்துக்கும் ஆள் வரமாட்டாங்க. சரியான நேரத்துல ஆள் சேரலைன்னா புத்தகமே காணாமப் போகும். நர்மதா அணை எதிர்ப்பைப் பற்றி ஒரிஜித் சென் வரைந்த 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' 1994-ல வந்தது. இந்தியாவின் முதல் கிராஃபிக் நாவல்னு பலரும் சொல்ற புத்தகம். அது வருஷக்கணக்கா கடையில கிடைக்காம இருந்துட்டு, 2022-ல சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் மறுபடி போட்ட பிறகுதான் சாதாரண வாசகர் கைக்கு வந்தது.

சரி, உள்பக்கத்துல என்ன பார்க்கணும்? முதல்ல உள்ளே வரைஞ்சவர் பேரும் அட்டை வரைஞ்சவர் பேரும் ஒண்ணான்னு பாருங்க. அமெரிக்க மாத இதழ்கள்ல அட்டைக்குத் தனி ஓவியர் போடுறது சகஜம். அட்டை ஒருத்தர், உள்ளே வேற ஒருத்தர்னா அட்டையைக் கணக்குலயே எடுக்காதீங்க. அடுத்து, தனித்தனி அழகான பக்கங்களைக் காட்டியிருந்தா அதை வெச்சு முடிவு பண்ண வேண்டாம். 11, 12, 13, 14-ன்னு தொடர் பக்கம் கேளுங்க. போஸ்டர் மாதிரி ஒரு பக்கம் வரையிறவங்க நிறைய பேர் இருக்காங்க. ரெண்டு பேர் ஒரு மேசையில உக்காந்து பேசுறதை நாலு பக்கம் சலிக்காம வரையிறவங்க கொஞ்சம் பேர்தான். வசனம் எழுதியிருக்கிற பேச்சு பலூனை மறைச்சுட்டுப் படத்தை மட்டும் பாருங்க. யார் எங்க நிக்கிறா, யார் உள்ளே வர்றான்னு புரியுதா? ஒரே ஆள் முன்னாடி இருந்தும் பக்கவாட்டுல இருந்தும் அதே ஆளாத் தெரியுறாரா? மூணாவது பக்கத்துக்குப் பிறகு பின்னணியே இல்லாம வெறும் கலர் பூசியிருந்தா, அவசரத்துல முடிச்ச வேலை.

இந்த அளவுகோலை எல்லாத்துக்கும் பிடிக்கக் கூடாது என்பதையும் சொல்லிடணும். அம்பேத்கர் வாழ்க்கையைச் சொல்ற 'பீமாயண'த்தை (நவயானா பதிப்பகம், 2011) வரைஞ்ச துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் கோண்டு பழங்குடி ஓவிய மரபுல வந்தவங்க. காமிக்ஸ்ல வழக்கமாப் போடுற கட்டத்துக்குள்ள ஆட்களை அடைக்க அவங்க சம்மதிக்கலை. பக்கம் முழுக்க உருவங்கள் ஓடும், பேச்சு பலூன்கூட பேசுறவரைப் பொறுத்துப் பறவை வடிவமாவோ தேள்கொடுக்கு வச்சோ இருக்கும். கட்டம் இல்லைன்னு தள்ளிட்டா நஷ்டம் நமக்கு.

ஏஐ படம் இப்ப பெரிய தலைவலி. ஆறு விரல் எண்ணுற காலம் போச்சு. இப்ப பார்க்க வேண்டியது தொடர்ச்சியை: சட்டைப் பொத்தான் எண்ணிக்கை கட்டத்துக்குக் கட்டம் மாறுதா, இடது கன்னத்துத் தழும்பு வலது பக்கம் போகுதா, பின்னாடி இருக்கிற சன்னல் அடுத்த கட்டத்துல இடம் மாறுதா. சந்தேகம் வந்தா பென்சில் நிலைப் பக்கம் ஒண்ணு காட்டச் சொல்லுங்க. கையால வரைஞ்சவங்க உடனே காட்டுவாங்க. பெரும்பாலும் பெருமையாவே காட்டுவாங்க.

தமிழ்ல வரப்போற புத்தகம்னா பலூன்ல எழுத்தை அமைச்சிருக்கிற விதம்தான் என் முதல் சோதனை, ஓவியம் ரெண்டாவதுதான். "போய்க்கொண்டிருந்தவர்களிடம்" மாதிரி ஒரு சொல்லை ஒடுக்கமான பலூன்ல அடைக்க முடியாது. அதைக் கண்ட இடத்துல வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளியிருப்பாங்க, இல்லன்னா எழுத்தைச் சுருக்கியிருப்பாங்க. ஜப்பானியச் சித்திரக்கதையான மாங்காவை மொழிபெயர்க்கும்போது இது இன்னும் கஷ்டம். அங்க எழுத்து மேலிருந்து கீழே போறதால பலூனே நெட்டையா இருக்கும். மேல் வரியோட ு, ூ வால்களும் கீழ் வரியோட ி, ீ கொக்கிகளும் முட்டாம இருக்க வரி இடைவெளி வேணும். ஆங்கில எழுத்துக்கு விடுற இடைவெளியையே விட்டா பலூன் முழுக்க எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இன்னொண்ணு, வரைகலை மென்பொருள்ல இந்திய மொழிக்கான அமைப்பை மாத்தாம யூனிகோடு எழுத்தை ஒட்டினா கொம்பு இடம் மாறும். 'கெ', 'கொ' வர்ற சொல்லைத் தேடிப் பாருங்க. கொம்பு 'க'வுக்குப் பின்னாடி நின்னா அந்தப் பக்கத்தைத் தமிழ் தெரிஞ்ச யாரும் மெய்ப்பு பார்க்கலைன்னு அர்த்தம். முன்னோட்டத்துலயே அப்படின்னா 120 பக்கத்துல என்ன இருக்கும்னு யோசிச்சுக்குங்க.

அடுத்து தேதி. தனி ஆளா பென்சில், மை, கலர் எல்லாம் பண்ற ஒருத்தர் வாரத்துக்கு மூணு பக்கம் முடிச்சா நல்ல வேகம். 120 பக்கத்துக்கு 40 வாரம். அதோட எழுத்து, மெய்ப்பு, அச்சு, பைண்டிங். அறிவிப்புல எட்டுப் பக்கம் மட்டும் காட்டி "நாலு மாசத்துல புத்தகம்"னு சொன்னா அந்தக் கணக்கு ஓடாது. நேரடியாக் கேளுங்க: எத்தனை பக்கம் மை போட்டு முடிஞ்சிருக்கு? பாதிக்கு மேல முடிஞ்சிருந்தா சிபாரிசு பண்ணலாம். ஸ்கிரிப்ட் மட்டும்தான் இருக்குன்னா, அதைச் சொல்லியே சிபாரிசு பண்ணுங்க. மறைக்க வேண்டாம்.

தாள், பைண்டிங் விஷயம் மத்த ஊர்க்காரங்களைவிட நமக்கு முக்கியம். ஜூன், ஜூலையில ஒரு மழை, அக்டோபர், நவம்பர்ல இன்னொரு மழை, நடுவுல கடல் காத்து. பளபளப்பான ஆர்ட் பேப்பர் நனைஞ்சா மேல் பூச்சு இளகி, காயும்போது பக்கத்தோட பக்கம் ஒட்டிக்கும். அப்படி ஒட்டினதைப் பிரிச்சா படம் உரிஞ்சு வரும். பார்சல் நனைஞ்சு வந்தா காயவிடாதீங்க, ஈரமா இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத் தாள் வைங்க. கறுப்பு வெள்ளைக் கதைக்குப் பூச்சு இல்லாத மேப்லித்தோ தாள் போதும், கண்ணுக்கும் இதம், ஈரத்தையும் ஓரளவு தாங்கும். எல்லாத்துக்கும் 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்ங்கிற தாள் கனம்) ஆர்ட் பேப்பர்னு பெருமை பேசுறது எனக்கு ஒப்பாது. 64 பக்கம் வரைக்கும் நடுவுல பின் அடிச்சது நல்லா விரியும், ஆனா கடல் பக்க ஊர்கள்ல பின் துருப்பிடிச்சு நடுப்பக்கத்துல கறை இறங்கும். கனமான புத்தகத்துக்கு நூல் தையல் இருக்கான்னு கேளுங்க. வெறும் பசை பைண்டிங்னா இரட்டைப் பக்கப் படத்தோட நடுப்பகுதி முதுகுக்குள்ள மறையும், அழுத்தி விரிச்சா பக்கம் கழலும். சேமிக்கும்போது மழைக்காலத்துல பாலித்தீன்ல இறுக்கிக் கட்ட வேண்டாம். உள்ளே அடைபட்ட ஈரமே பூஞ்சை பிடிக்கப் போதும். சுவரை ஒட்டாம, காத்து போற அலமாரியில நிமிர்த்தி வைங்க.

வெளிநாட்டுப் புத்தகம். வாசகர்கள்கிட்ட முன்கூட்டியே பணம் திரட்டுற கிக்ஸ்டார்ட்டர் தளத்துல இலக்குத் தொகை சேரலைன்னா யாருக்கும் பணம் போகாது, சேர்ந்தா கடைசி நாள்ல கார்டுல எடுப்பாங்க. சிக்கல் அங்கதான். ரிசர்வ் வங்கி 2020-ல கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகள்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வங்கி செயலியில திறந்து, வரம்பும் வைக்கணும். திறந்திருந்தாலும், நீங்க ஓடிபி போட்ட நாள் வேற, பணம் எடுக்குற நாள் வேறங்கிறதால இந்தியக் கார்டுகள் பல நேரம் மறுக்கும். ஏழு நாள் அவகாசம் தருவாங்க, மின்னஞ்சலைப் பார்த்துச் சரி பண்ணிடணும். புத்தக விலைக்கு மேல வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் வரை, அதுக்கு ஜிஎஸ்டி, அப்புறம் 2019 பட்ஜெட்ல அச்சுப் புத்தகத்துக்கு வந்த 5 சதவீதச் சுங்கவரி. தபால் கட்டணத்தை, இப்படிப் பணம் திரட்டுற பல பிரச்சாரங்கள் பின்னாடிதான் தனியா வாங்கும். அது புத்தக விலையைத் தாண்டினா ஆச்சரியப்படாதீங்க. கூடவே சட்டையில குத்துற பின், ஸ்டிக்கர், டி-ஷர்ட்னு சேர்த்துக்கிட்டா எடையும் ஏறும், சுங்கக் கணக்கும் மாறும், அந்தச் சாமான் வராததால புத்தகமும் தாமதமாகும். வெளிநாட்டுப் பிரச்சாரத்துல நம்ம ஊர் வாசகருக்கு நான் சொல்றது பிடிஎஃப் மட்டும்தான். கடின அட்டைப் பதிப்பு கட்டாயம் வேணும்னு தோணுற புத்தகம் எப்பவாவது வரும், அப்ப பார்த்துக்கலாம்.

அமெரிக்க மாத இதழ்களைத் தனித்தனியா வரவழைக்கிறதும் வீண். அங்க கடைக்காரர் பெரும்பாலும் வெளியீட்டுக்கு மூணு வாரம் முன்னாடியே கடைசி ஆர்டர் கொடுத்துடணும். அந்த எண்ணிக்கைதான் தொடரின் ஆயுளை முடிவு பண்ணும். பல பத்தாண்டு விநியோகத்தைக் கையில வெச்சிருந்த டயமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில திவால் மனு போட்டதுல சின்னப் பதிப்பகங்கள் பட்ட பாடு கொஞ்சமில்ல. தொடர் பிழைக்கணும்னு நினைச்சா இதழா வரும்போது டிஜிட்டல்ல வாங்குங்க. அலமாரிக்கு வேணும்னா அஞ்சாறு இதழ் சேர்ந்த தொகுப்பு வரும்வரை பொறுங்க.

உள்ளூர்த் தபால்ல ஒரு நல்ல விஷயம்: புத்தகம் அனுப்ப அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கின ஞான் போஸ்ட். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழிதான், மெதுவா வரும், ஆனா எங்க இருக்குன்னு பார்க்கலாம். குறிப்பிட்ட இடைவெளியில வர்ற பருவ இதழுக்கு இது கிடையாது, புத்தகத்துல அச்சகம் அல்லது பதிப்பகப் பேர் இருக்கணும். சொந்தமா அச்சடிச்சு அனுப்புற இளைஞர்கள் இதைத் தெரிஞ்சுக்காம கூரியருக்கு அள்ளிக் கொடுக்கிறாங்க. முன்பதிவு பண்ணும்போது நீங்களே சொல்லிக் கொடுங்க.

யாரோட அடுத்த அறிவிப்பைக் கவனிக்கலாம்? தமிழ்ல ஆண்டு அட்டவணை போட்டுச் சந்தா வாங்கி ஒழுங்கா நடத்துறது சிவகாசி லயன்-முத்து காமிக்ஸ்தான். முத்து 1972-லயும் லயன் 1984-லயும் தொடங்கினது. பெரும்பாலும் ஐரோப்பியக் கதைகளின் மொழிபெயர்ப்பு, சுயாதீனப் படைப்புன்னு சொல்ல முடியாது, ஆனா எந்தப் பெரிய நிறுவனத்துக் காசும் இல்லாம நிக்கிற பதிப்பகம். சென்னை தாரா புக்ஸ் கையால் பட்டுத்திரை (சில்க் ஸ்கிரீன்) அச்சு போடுற புத்தகங்களுக்குப் பேர் பெற்றது. விலை கூடுதல், அதுக்குக் காரணமும் இருக்கு. பிளாஃப்ட் அறிவிப்பு எதுவா இருந்தாலும் நின்னு பாருங்க. அவங்க 2009-ல 'மூன்வார்ட்' போட்ட கேரளத்து அப்புப்பன் இப்பவும் வரையிறார். சொல்லே இல்லாத கதைகளும் அவர் செஞ்சிருக்கார், ஆங்கிலம் தயங்குற வாசகருக்குத் தாராளமாச் சொல்லலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் வாசிக்கத் தெரிஞ்சவங்க திருவனந்தபுரம் போகும்போது மலையாளச் சித்திரப் புத்தகங்களையும் புரட்டிப் பாருங்க. பின்னாடி சினிமா இயக்குநரான ஜி. அரவிந்தன் 1961-லயே மாத்ருபூமி வார இதழ்ல தொடர் வரையத் தொடங்கின மொழி அது.

சிபாரிசு எழுதும்போது இவ்வளவு இருந்தாப் போதும்: உள்ளே வரைஞ்சவர், பக்கம், அளவு, கறுப்பு வெள்ளையா கலரா, பைண்டிங், தபாலோட சேர்த்து விலை, முடிஞ்ச பக்கங்களின் எண்ணிக்கை, எந்த வயசுக்கு. கடைசி விஷயத்தை விட்டுடாதீங்க. பொம்மைப் புத்தகம்னு நம்பிப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துட்டு, ஏழாம் பக்கத்துல கத்திக்குத்தைப் பார்த்து அதிர்ந்து போற பெற்றோர் உண்டு.

முன்பதிவுப் படிவத்துல முகவரி எழுதும்போது 'விளை'ன்னு முடியிற ஊர்ப் பேரை மட்டும் போடாதீங்க. ஒரே பேர்ல விளை நம்ம மாவட்டத்துல பல இடத்துல இருக்கு. அஞ்சலகப் பேர், பின்கோடு, பக்கத்துக் கோயிலோ குருசடியோ பள்ளிக்கூடமோ ஒரு அடையாளம், ரெண்டு போன் நம்பர் எழுதுங்க. வீட்டுல பகல்ல ஆள் இல்லைன்னா வேலை பார்க்கிற இடத்து முகவரியே மேல்.